பூங்காவுக்குள் போய்விட்ட எங்கள் பாதை

(காட்டாங்குளத்தூரில் நடந்த மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பூங்காவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் ஏற்பாடு செய்த தோழர் ஒருவர் சிரித்துவிட்டார். “ஆணவக் கொலை இருக்கு, இடஒதுக்கீடு இருக்கு, பூங்காவா தோழர்?” என்றார். நான்கு வருடத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். என் முனைவர் பட்ட ஆய்வு உள்ளாட்சி நிலப் பதிவேடுகளைப் பற்றியது. அதில் பூங்காவை ஓர் அடிக்குறிப்பில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். என் அண்ணன் மகன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அது அடிக்குறிப்பு இல்லை என்று புரிந்தது.

நான் இந்தக் காட்டாங்குளத்தூர் ஒன்றியத்தில் ஒரு காலனியில் பிறந்தவள். எந்த ஊராட்சி என்று சொல்லப்போவதில்லை. ஏன் என்பது கடைசியில் தெரியும். ஊர் தனி, காலனி தனி, நடுவில் வயல். வயலுக்குக் குறுக்கே ஒரு பாதை. அந்தப் பாதையில்தான் பள்ளிக்கூடம் போனோம், ஸ்டேஷனுக்குப் போனோம், செத்தவர்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனோம். நான் ஒன்பதாவது படிக்கும்போது வயல் பிளாட் ஆயிற்று. கல் நட்டார்கள், கொடி கட்டினார்கள், ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு, ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று ஜி.எஸ்.டி. சாலையில் போர்டு வைத்தார்கள். சுற்றுச்சுவரும் எழுப்பினார்கள். அவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் வந்த ஸ்டேஷன், எங்களுக்குப் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குப் போய்விட்டது.

அந்த லேஅவுட்டுக்கு நடுவில் ஒரு பூங்கா. ஊஞ்சல், சறுக்குமரம், நடைபயிற்சிக்குக் கல் பதித்த பாதை. கேட்டில் ‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று பலகை. என் அம்மா ஊராட்சியில் தூய்மைக் காவலர். வாரத்தில் மூன்று நாள் அந்தப் பூங்காவைக் கூட்டுவது அவர்தான். ஒரு சனிக்கிழமை பேரனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவர் சருகு கூட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பையன் ஊஞ்சலில் ஏறிவிட்டான். நடந்துகொண்டிருந்த ஒருவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் வந்து பையனை இறக்கிவிட்டு, “யக்கா, நீ உள்ள வரலாம், புள்ள வரக்கூடாதாம். எனக்கு வேலை போயிடும்க்கா” என்றாராம். அவரைத் திட்டி என்ன செய்ய? அவரும் திண்டிவனம் பக்கம் ஒரு காலனிக்காரர்தான். அங்கே யாரும் யாருடைய சாதியையும் சொல்லவில்லை. துடைப்பத்தோடு போனால் கேட் திறக்கிறது, துடைப்பம் இல்லாமல் போனால் திறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

“அந்த பார்க்கு யாரோடது அத்தை?” என்று பையன் கேட்டான். நியாயமான ஆய்வுக் கேள்வி. பதில் தேடிப்போனேன்.

தமிழ்நாட்டில் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. இப்போது நடைமுறையில் இருக்கும் 2019 ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதி நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் நிலம் கொடுக்க முடியவில்லை என்றால் வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் நிலமாகத்தான் கொடுக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறோம். பழைய விதிகளிலும் இந்தப் பத்து விழுக்காடு இருந்தது. நிலத்தைச் சும்மா ஒதுக்கினால் போதாது, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பதிவான அந்த நொடியிலிருந்து அது லேஅவுட்காரர்களின் நிலம் இல்லை. மனை வாங்கியவர்களின் நிலமும் இல்லை. அவர்களுடைய சங்கம் பராமரிக்கலாம், செடி வைக்கலாம், தண்ணீர் ஊற்றலாம். சொந்தம் கொண்டாட முடியாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது. தானப் பத்திரம் இருக்கிறது. பூங்கா ஊராட்சிக்குச் சொந்தம். அதாவது என் அம்மா கூட்டுவதும், என் அண்ணன் மகன் இறக்கிவிடப்பட்டதும் எங்கள் ஊராட்சியின் நிலத்தில்தான். பூட்டுதான் வேறு யாருடையதோ.

இதற்குத் தீர்ப்பும் இருக்கிறது. பெங்களூருவில் ஒரு மனைப்பிரிவில் பூங்காவுக்கு என்று விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அது செல்லாது என்று 1991 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நகரமைப்பு வழக்கறிஞர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு அது. ஆனால் கவனியுங்கள், பூங்காவைக் காப்பாற்ற நீதிமன்றம் போனவர்கள் அந்த லேஅவுட்டில் குடியிருந்தவர்கள். அவர்களுக்குக் காப்பாற்ற ஒரு பூங்கா இருந்தது. லேஅவுட்டே இல்லாத இடத்தில் குடியிருப்பவர்கள் எதைக் காப்பாற்ற வழக்குப் போடுவது?

நான் சொல்ல வந்தது இதுதான் தோழர்களே. பூட்டிய கேட் சின்ன விஷயம். பூட்டை நாளைக்கே உடைக்கலாம். அதற்குக் கீழே இருப்பதுதான் பெரிய விஷயம். நம்முடைய விதிகளின்படி ஒரு தெருவுக்குப் பூங்கா எப்படி வருகிறது? நிலம் விற்கப்பட்டால் வருகிறது. மனையாகப் பிரித்து, அனுமதி வாங்கி, விற்றால் அதில் பத்து விழுக்காடு பூங்கா. எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், எத்தனை வயதானவர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்கு அதில் கிடையாது. சேரியை யாரும் மனை போட்டு விற்கவில்லை. அது நத்தத்தில் இருக்கிறது, புறம்போக்கில் இருக்கிறது, ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த பட்டாவில் இருக்கிறது. ஆகவே இந்தக் கணக்கில் சேரிக்குப் பூங்கா வரவே வராது. அதிகாரி யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்து விதியை ஒழுங்காக அமல்படுத்தினாலும் பூங்கா எல்லாம் லேஅவுட்டில்தான் இருக்கும்.

சேரியில் ஏன் பொது நிலம் இல்லை என்ற கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே பழைய ஆவணம் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891 இல் எழுதிய அறிக்கை. பஞ்சமி நிலத்தின் தொடக்கம் என்று அதை நாம் கொண்டாடுகிறோம். சரிதான், அதை ஒட்டித்தான் 1892 அரசாணை வந்தது. ஆனால் அந்த அறிக்கையின் கணிசமான பகுதி சாகுபடி நிலத்தைப் பற்றியது அல்ல, வீட்டு மனையைப் பற்றியது. குடிசை நிற்கிற இடமே மிராசுதார் கையில். கோபம் வந்தால் காலி செய்யச் சொல்லலாம். வீட்டு மனையே சொந்தமில்லாதவர்களுக்கு மந்தைவெளி எங்கே, திடல் எங்கே? நூறு வருடம் கழித்து அரசு கொடுத்த இலவச மனைப்பட்டாவும் கிராமத்தில் அதிகபட்சம் மூன்று சென்ட். மூன்று சென்ட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் குடும்பமும் இருக்கும். பையன் விளையாட இடம் கேட்டால் ரோட்டைத்தான் காட்ட வேண்டும்.

அரசுத் திட்டங்கள் இதைச் சரிசெய்யவில்லையா என்று கேட்பீர்கள். 2016 இல் 500 ஊராட்சிகளில் அம்மா பூங்கா, கூடவே உடற்பயிற்சிக் கூடம் என்று அறிவித்தார்கள். ஒரு பூங்காவுக்கு 20 லட்சம். நல்ல யோசனை. நான் களப்பணிக்குப் போன ஓர் ஊரில் அந்தப் பூங்கா ஊர்த் தெருவுக்குப் பின்னால் இருக்கிறது. காலனிக்காரர்கள் அங்கே போக ஊர்த் தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். யாரும் போவதில்லை. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு பணம் போட்டால் மீதியை அரசு போடும். அந்த ஒரு பங்கைத் திரட்டக்கூடியவர்கள் யார்? ஏற்கெனவே சங்கம் வைத்திருக்கிற, ஏற்கெனவே பூங்கா வைத்திருக்கிற லேஅவுட்காரர்கள்தான்.

இனி பாதைக்கு வருகிறேன். நகரமைப்புப் பாடப்புத்தகங்களில் பாதை என்றால் ஏரிக்கரையில் போடும் நடைபாதை, மிதிவண்டித் தடம். நம் ஊரில் காலனிக்காரர்களைக் கேளுங்கள், பாதை என்றால் முதலில் சுடுகாட்டுப் பாதையைத்தான் சொல்வார்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் நடந்ததை நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நிலத்தின் வழியே பிணத்தைக் கொண்டுபோக விடாததால், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கினார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே வருடக் கடைசியில் என் ஆயா இறந்தார். எங்கள் பாதை லேஅவுட்டுக்குள் போய்விட்டதால் பாடையை ஜி.எஸ்.டி. சாலை வழியாகத்தான் கொண்டுபோனார்கள். பின்னால் நின்ற லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தன. பறை அடித்தவர்களுக்கே பறை கேட்டிருக்காது.

ஆய்வுக்காக எஃப்.எம்.பி. புலப்படத்தை எடுத்து லேஅவுட் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பழைய புலப்படத்தில் பட்டா நிலத்துக்குக் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு. அதுதான் எங்கள் பாதை. பட்டா நிலத்தில் போகும் நடைபாதையைப் புள்ளிக்கோடாகத்தான் போடுவார்கள். தனி சர்வே எண் கிடையாது, புறம்போக்கு என்ற பெயரும் கிடையாது. 1882 ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி இருபது வருடம் தடையில்லாமல் நடந்திருந்தால் வழி உரிமை உண்டு. அதை உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். கூலி வேலைக்காரர்கள் எத்தனை வாய்தா போவார்கள்? லேஅவுட் அனுமதி கொடுத்தபோது அந்தப் புள்ளிக்கோடு என்ன ஆகும் என்று யாரும் காலனியில் வந்து கேட்கவில்லை. இரண்டு வரைபடங்களும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தியபோது என் கை கொஞ்சம் நடுங்கியது. பூங்காவில் கல் பதித்த நடைபயிற்சிப் பாதை இருக்கிறதே, அதில் ஒரு பக்கம் அப்படியே எங்கள் பாதையின் மேல் இருக்கிறது. நாங்கள் பிணம் தூக்கிப்போன வழியில் அவர்கள் சர்க்கரை குறைய நடக்கிறார்கள். இங்கே நின்று சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பொது இடம் என்று காகிதத்தில் எழுதுவதற்கும் அங்கே கால் வைப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அம்பேத்கரை விட நன்றாக அறிந்தவர் யார்? மகாத் என்றால் நாம் குளத்தை நினைக்கிறோம். அது ஓர் உள்ளாட்சிக் கதையும்கூட. பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லாருக்கும் திறந்தவை என்று 1923 இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம். அடுத்த வருடம் மகாத் நகராட்சி, சவுதார் குளம் திறந்திருக்கிறது என்று தன் பங்குக்கு ஒரு தீர்மானம் போட்டது. போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. மூன்று வருடம் ஒருவரும் அதில் தண்ணீர் அள்ளவில்லை, அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். தீட்டுக் கழிக்க 108 குடம் சாணமும் கோமியமும் கொட்டினார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. அந்த ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. காகிதத்தில் இருந்தவரை நகராட்சிக்குப் பிரச்சினை இல்லை. யாரோ உண்மையிலேயே வந்து குடித்ததும்தான் பிரச்சினை. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிய 1937 ஆயிற்று.

அமெரிக்காவில் மாண்ட்கோமரி நகரம் இதைவிட ஒரு படி மேலே போனது. கறுப்பின மக்கள் பூங்காவுக்குள் வர உரிமை கேட்டு வழக்குப் போட்டதும், 1959 இல் நகரத்தின் எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்கும் பூங்கா இல்லை. 1965 வரைக்கும் அப்படியே கிடந்தது.

எங்கள் லேஅவுட்காரர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். தானப் பத்திர நகலோடு நான் போனபோது அந்தச் சங்கத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். அந்த வேப்பமரங்களை அவர்தான் வைத்தாராம். இரண்டு வருடம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். “நீங்க சொல்றது கரெக்டும்மா” என்றார். சங்கத்தில் பேசி ஓர் ஏற்பாடும் செய்தார். தினமும் சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை காலனிப் பிள்ளைகள் விளையாடலாம். பின்பக்கச் சின்ன கேட் வழியாக. பெரியவர்கள் கூட வர வேண்டாம். பாதையைப் பற்றிப் பேச்சில்லை.

இதை ஏற்பதா வேண்டாமா என்று காலனியில் இரண்டு நாள் பேசினோம். நான் வேண்டாம் என்றேன். வைக்கத்தை உதாரணம் காட்டினேன். 1924 இல் தொடங்கிய அந்தப் போராட்டமும் நடக்கிற பாதைக்கான போராட்டம்தானே. 1925 கடைசியில் சமரசமாக முடிந்தபோது கோயிலைச் சுற்றி மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் திறக்கவில்லை, அதற்கு 1936 ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர வேண்டியிருந்தது. நமக்கும் பின்பக்க கேட், இரண்டு மணி நேரம். உரிமையை அனுமதியாக மாற்றிக்கொடுக்கிறார்கள் என்று ஆவேசமாகப் பேசினேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ சொல்றதெல்லாம் சரி பாப்பா. அதுவரைக்கும் புள்ளைங்க எங்க ஆடும்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகள் இப்போது நாலிலிருந்து ஆறு வரை ஊஞ்சல் ஆடுகிறார்கள். என் அண்ணன் மகனும் போகிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான். எனக்குத்தான் இன்னும் ஒப்பவில்லை.

பூங்கா ஆடம்பரம், முதலில் நிலம், வேலை, கழிப்பறை என்று சொல்லும் தோழர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்று, பூங்காவை நாம் கண்டுகொள்ளாவிட்டாலும் பூங்கா நம்மைக் கண்டுகொள்ளும். கூவம் சீரமைப்புத் திட்டத்தில் கரையோரப் பூங்காவும் நடைபாதையும் உண்டு. அதே சீரமைப்பின் பெயரில்தான் 2019 டிசம்பரில் சத்தியவாணி முத்து நகர் வீடுகளை இடித்து, மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அரையாண்டுத் தேர்வு நேரம் அது. இன்னொன்று, இங்கே இருக்கும் நீங்கள் எல்லாரும் இருபது வயதுக்காரர்கள். ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து பேச இந்த ஊரில் எங்கே இடம் இருக்கிறது, சொல்லுங்கள். காசு கொடுத்தால் காபிக்கடை, இல்லையென்றால் கோயில். கோகுல்ராஜ் 2015 ஜூனில் திருச்செங்கோடு கோயிலில் ஒரு தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்துதான் அவரைக் கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். யாரும் யாரையும் ‘எந்தத் தெரு’ என்று கேட்காத ஒரு பெஞ்ச் வேண்டும் என்று கேட்பது ஆடம்பரமா? ஆணவக் கொலை பற்றிப் பேசச் சொன்ன தோழருக்கு இது என் பதில்.

இன்றைக்கு என்ன செய்யலாம் என்றால், நேரம் நமக்குக் கொஞ்சம் சாதகமாக இருக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்க 2022 இல் ஆணை வந்தது. மூன்றாவது முழுமைத் திட்ட வேலை நடக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்தார்கள். பக்கத்திலேயே 16 ஏக்கரில் காலநிலைப் பூங்கா, அருகில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள். அந்த ஈமக்குழிகளைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது, பாதுகாக்கட்டும். அவற்றோடு எங்கள் சுடுகாட்டுப் பாதையும் வரைபடத்தில் ஏறவேண்டும் என்றுதான் கேட்கிறோம். பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959 ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டப்படி இவற்றுக்கெல்லாம் பட்டியல் தயாரிக்க வேண்டும். எங்கள் ஊராட்சியில் அந்தப் பட்டியலை நான் இன்னும் பார்க்கவில்லை. திறந்தவெளியை லேஅவுட்டுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடாமல், ஆளுக்கு இவ்வளவு என்று ஊராட்சி முழுவதற்கும் கணக்குப் போடச் சொல்லிக் கேட்போம். லேஅவுட்காரர்கள் நிலத்துக்குப் பதிலாகக் கட்டும் பணத்தில் காலனிக்குப் பக்கத்தில் இடம் வாங்கச் சொல்லிக் கேட்போம். இனி எந்த லேஅவுட் அனுமதிக்கு முன்பும் அந்தப் புலப்படத்தில் உள்ள புள்ளிக்கோடுகளைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லிக் கேட்போம்.

அடுத்த கிராம சபைக்கு மனு எழுதிவிட்டேன். எங்கள் ஊராட்சித் தலைவர் தனித்தொகுதியில் ஜெயித்த பெண். “எனக்கும் தெரியும்மா, கூட்டத்துல நீ கேளு, நான் மினிட்ல ஏத்துறேன்” என்றிருக்கிறார். பார்ப்போம். காலனியில் முப்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அம்மா போடவில்லை. “என் பேரு வேணாம். அந்த பார்க்கை நான்தான் கூட்டணும்” என்றார். அதனால்தான் ஊர்ப் பெயரையும் இங்கே சொல்லவில்லை.

பின்னால் மேசையில் தகவல் அறியும் உரிமை மனுவின் மாதிரி வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முதல் கேள்வியில் உங்கள் ஊராட்சியின் பெயரை மட்டும் நிரப்புங்கள். ஓ.எஸ்.ஆர். நிலங்கள் எத்தனை, தானப் பத்திர எண்கள் என்ன, சாவி யாரிடம் இருக்கிறது. புலப்பட நகல் வேண்டுமென்றால் சர்வே எண்ணோடு வாருங்கள், எப்படி எடுப்பது என்று நான் சொல்லித் தருகிறேன்.